இறைப்பும் மாசுதான்

கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் கனம் கூடியது. கடலோர ஊர்களின் கிணறுகள் இந்தச் சிறு வேறுபாட்டை நம்பியே உயிரோடு இருக்கின்றன. மணலும் மணற்பாறையுமான கரையோர நிலத்தில் இறங்கும் மழைநீர், கனத்த கடல்நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. டச்சுப் பொறியாளர் படோன் கைபன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியே கணக்கிட்டுச் சொன்ன விதி இதை எண்ணால் காட்டுகிறது. நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். மட்டம் அந்த 1 மீட்டர் இறங்கிவிட்டால், காலப்போக்கில் உப்புநீர் 40 மீட்டர் மேலேறி வரும். களிமண் அடுக்குகள் குறுக்கே கிடக்கும் இடங்களில் இது இவ்வளவு நேர்க்கணக்காக நடப்பதில்லை. அடுக்குகள் உப்பைத் தாமதப்படுத்தும். ஆனால் திசை மாறாது. இறைப்பு கூடினால் கடல் உள்ளே வரும்.

வந்துசேரும் உப்பு அதிகமாக இருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு உண்டு. நம் நாட்டின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1,000 மில்லிகிராமைக் கடைசி எல்லையாகவும் வைத்திருக்கிறது. நூறு லிட்டர் நல்ல தண்ணீரில் இரண்டு லிட்டர் கடல்நீர் சேர்ந்தாலே முதல் அளவு தாண்டிவிடும். ஐந்து லிட்டர் சேர்ந்தால் கடைசி எல்லையை நெருங்கிவிடும். நெல்லின் நிலையும் இதுதான். வேர்மண்டலத்து மண்சாற்றின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைக் கடந்தால் நெல் விளைச்சல் குறையத் தொடங்குகிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று சொல்லப்படும் பாகூர், கிழக்கே மணப்பட்டு, மூர்த்திக்குப்பம் வழியாக வங்கக் கடலைத் தொட்டு நிற்கும் கொம்யூன் (உள்ளாட்சிப் பகுதி) என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் இந்த எண்களின் கனம் விளங்கும். ஆகவே ஊரகப் புதுச்சேரிக்கு நீரின் தரம் பற்றிய திட்டம் ஒன்று எழுதப்படுமானால், அதன் முதல் வரிசையில் இருக்க வேண்டியது ஆலைக் கழிவுநீர்க் குழாய் மட்டுமல்ல, இறைப்பும்தான் என்று வாதிடுவதற்கே இந்தக் கட்டுரை.

புதுச்சேரி வட்டாரம் சுமார் 290 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, தமிழ்நாட்டு நிலத்துக்குள் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடக்கும் பகுதி. வடக்கும் மேற்குமாகச் சங்கராபரணி, தெற்கே தென்பெண்ணை, இடையில் 84 ஏரிகள். அவற்றில் பெரியது வில்லியனூர் கொம்யூனில் உள்ள ஊசுடு. அடுத்தது பாகூர் ஏரி. சங்கராபரணியின் நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே ஊசுட்டேரிக்கு வருகிறது. தென்பெண்ணையின் நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூருக்கு வருகிறது. நிலத்துக்குக் கீழேயும் அடுக்கடுக்காக நீர் உண்டு. மேலே ஆற்று வண்டல். அதன் கீழ் நெய்வேலிவரை விரியும் கடலூர் மணற்பாறை. அதற்கும் கீழே வானூர், ராமநாதபுரம் என்று புவியியலார் பெயரிட்ட கிரெட்டேசியஸ் காலத்துப் பாறைகள். கீழடுக்கின் நீர் ஒரு காலத்தில் எவ்வளவு அழுத்தத்தோடு இருந்தது என்றால், துளையிட்டதும் மோட்டார் இல்லாமல் தானே பொங்கியது. 1880இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங், புதுச்சேரியின் ஆர்ட்டீசியன் கிணறுகளைப் பற்றித் தனிக் குறிப்பே எழுதினார். அப்படிப் பொங்கிய நிலத்தில் இன்று நீர்மூழ்கி மோட்டார்கள் இறங்கிக்கொண்டே போகின்றன. பசுமைப் புரட்சிக்குப் பின் ஏரி மதகிலிருந்து ஆழ்துளைக் கிணற்றுக்குப் பாசனம் மாறியது. விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசமாயிற்று. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் மதிப்பீடுகளில் புதுச்சேரி வட்டாரத்தை அளவுக்கு மீறி இறைக்கப்பட்ட பகுதி என்று ஒருமுறைக்கு மேல் வகைப்படுத்தியிருக்கிறது.

இந்த மாற்றத்தைக் கவனிக்க அலுவலகங்கள் இல்லாமல் இல்லை. அவை பிரிந்து கிடக்கின்றன என்பதுதான் சிக்கல். ஆறு, ஏரி, ஆலைக் கழிவு ஆகியவற்றின் தரம் மாசு கட்டுப்பாட்டுக் குழுமத்தின் பொறுப்பு. கிணற்றின் நீர்மட்டத்தை அளப்பது வேளாண் துறையின் கீழ் இயங்கும் நிலத்தடி நீர்ப் பிரிவு. ஏரியும் வாய்க்காலும் பொதுப்பணித் துறையின் பாசனக் கோட்டத்திடம். குழாயில் வரும் குடிநீர் அதே துறையின் பொதுச் சுகாதாரக் கோட்டத்திடம். குப்பையும் சாக்கடையும் கொம்யூன் பஞ்சாயத்திடம். புதிய ஆழ்துளைக் கிணற்றுக்கு அனுமதி கொடுப்பதோ 2002ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அமைந்த நிலத்தடி நீர் ஆணையம். ஒரே கிணற்றில் மட்டம் இறங்கியதை ஒரு பதிவேடும், அதன் நீர் கரிக்கத் தொடங்கியதை இன்னொரு பதிவேடும் சொல்கின்றன. முன்னது காரணம், பின்னது விளைவு. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிப்பது எந்த அலுவலகத்துக்கும் கட்டாயக் கடமையாக இல்லாதவரை, உப்பு ஏறிய பிறகுதான் நமக்குச் செய்தி வரும். உப்பு ஏறிய படுகையை மீட்க ஆகும் காலமோ பல பத்தாண்டுகள்.

மாசு என்றால் யாரோ கொட்டுவது, இறைப்பு எப்படி மாசாகும் என்று கேட்கலாம். 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தைப் படித்தால் அதற்குள்ளேயே விடைக்கான இடம் இருக்கிறது. நீரோட்டம் என்று அச்சட்டம் குறிப்பதில் ஆறும் வாய்க்காலும் மட்டுமின்றி நிலத்தடி நீரும் அடங்கும். மாசு என்று அது வரையறுப்பதில் கழிவு வெளியேற்றத்தோடு, தீங்கு தரும் வகையில் நீரின் பௌதிக, வேதியியல், உயிரியல் பண்புகள் மாற்றப்படுவதும் சேர்ந்திருக்கிறது. ஒரு படுகையின் குளோரைடு பல மடங்கு ஏறும்படி இறைப்பது வேதியியல் பண்பை மாற்றுவது அல்லாமல் வேறென்ன? நீதிமன்றத்தில் இந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை வழக்கறிஞர்கள் முடிவு செய்யட்டும். திட்டமிடுவதற்கு இதுவே போதும். தரத்தையும் அளவையும் ஒரே மேசையில் வைத்துப் பேசச் சட்டம் தடை சொல்லவில்லை.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ஆலைகளைச் சுட்டுவது. வில்லியனூர் கொம்யூனின் சேதராப்பட்டிலும் பாகூர் கொம்யூனின் கிருமாம்பாக்கத்திலும் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. பாகூருக்குத் தெற்கே ஆற்றைக் கடந்தால் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை. உப்பு நாக்குக்குத் தெரிந்துவிடும்; கன உலோகமும் கரைப்பான்களும் தெரியாமல் உடம்பில் சேரும். அப்படியிருக்க விவசாயியின் மோட்டாரை முன்னே இழுத்து ஆலையைப் பின்னே தள்ளுவது நியாயமா? நியாயமில்லைதான், அப்படித் தள்ளச் சொல்லவும் இல்லை. ஆலைக்கு இசைவாணை உண்டு, வகைப்பாடு உண்டு, மாதிரி எடுக்கும் இடம் உண்டு, மீறினால் மூட உத்தரவிடும் அதிகாரம் உண்டு. கருவி கையில் இருக்கிறது. அதை அஞ்சாமல் பயன்படுத்த வேண்டும் என்பதே அங்கே கோரிக்கை. உரிமையாளர் பெயர் எழுதப்படாத மாசுக்குத்தான் கருவியே இல்லை. அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டமும் இங்கேதான் சறுக்கியது. குழாய்வழி வரும் கழிவை அது பெருமளவு அடக்கியது. வயல்களிலிருந்து பரவலாக வரும் உரக்கழிவை அதே கண்டிப்போடு தொட முடியவில்லை. அத்தோடு ஆலையும் அதே படுகையில்தான் இறைக்கிறது. கழிவுக்கான இசைவாணையும் இறைப்புக்கான அனுமதியும் ஒரே கோப்பில் இருந்தால் ஆலையின் மீதான பிடி இறுகுமே தவிர தளராது.

உரிமையாளர் இல்லாத இன்னொரு மாசு நைட்ரேட். யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்ளாத பங்கு மண்ணில் நைட்ரேட்டாகி, பாசன நீரோடு கீழிறங்குகிறது. தண்ணீர் கட்டிய நெல்வயலில் காற்றில்லாத சேறு நைட்ரேட்டின் ஒரு பகுதியை நைட்ரஜன் வாயுவாக்கி அனுப்பிவிடும். கரும்பும் காய்கறியும் நிற்கும் வடிகாலுள்ள மணற்பாங்கில் அந்தப் பாதுகாப்பு குறைவு. கழிப்பறைகளின் உறிஞ்சுகுழிகளும் தொட்டிகளும் இதே சரக்கைச் சேர்க்கின்றன. லிட்டருக்கு 45 மில்லிகிராம் தாண்டினால் கைக்குழந்தைகளின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை அது குலைக்கக்கூடும். காய்ச்சினால் போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புப் பாறைக் கிணறுகளில் நைட்ரேட் ஏறிய கதை தமிழர்களுக்குப் புதிதில்லை. தீவிர வேளாண்மையும் நெருக்கமான மலக்குழிகளும் ஒரே மெல்லிய படுகையின்மேல் அமைந்ததன் விலை அது. வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளில் அந்த விலையைத் தவிர்க்க இன்னும் காலம் இருக்கிறது. களிமண் அடுக்குகள் நமக்குக் கிடைத்த காப்பு. அந்தக் காப்பை நாமே ஓட்டையிடுகிறோம் என்பதுதான் வருத்தம். சரியாக உறை இறக்காத, கைவிட்டபின் மூடாத ஒவ்வோர் ஆழ்துளையும், மேலடுக்கின் உப்பும் நைட்ரேட்டும் கீழடுக்குக்கு இறங்கும் குழாயாகிறது. கீழே அழுத்தம் குறையக் குறைய அந்த இறக்கம் வேகம் பிடிக்கும். குழந்தைகள் விழுந்துவிடக் கூடாதே என்று வாயை மூடுவதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அடிமுதல் களிமண்ணோ சிமெண்டோ இட்டு நிரப்புவதே முழுமையான மூடல். புதிய கிணற்று அனுமதியைவிட இதற்கு முன்னுரிமை கொடுக்கலாம். செலவும் குறைவு, எதிர்ப்பும் இருக்காது.

ஏரிகளின் பங்கு இங்கேதான் மாறுகிறது. மதகு திறந்து பாய்வது குறைந்துபோனதால் ஏரி பயனற்றதாகிவிட்டது என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் ஏரியின் வேலை கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாறியிருக்கிறது. தேங்கும் நீர் கீழிறங்கி நன்னீர் மட்டத்தை உயர்த்துகிறது. கைபன் சொன்ன கணக்கின்படி கடலைப் பின்னுக்குத் தள்ளுவது அந்த உயர்வே. ஆகையால் ஏரிக்குள் வருவது எதுவோ, அதுதான் நாளைய குடிநீர். வாய்க்காலில் கலக்கும் வீட்டுச் சாக்கடையையும், கழிவுநீர் லாரி இரவில் கவிழ்த்துவிட்டுப் போவதையும் அழகுக் கேடாக மட்டும் பார்க்கக் கூடாது. சுமார் 800 ஹெக்டேர் பரப்புள்ள ஊசுட்டேரியில் தன் எல்லைக்குட்பட்ட பகுதியைப் புதுச்சேரி அரசு 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பறவைக்கு வேண்டிய தரமும் கிணற்றுக்கு வேண்டிய தரமும் ஒன்றல்ல. எந்தப் பயனுக்காக எந்த நீர் என்று முதலில் தீர்மானித்தால்தான் எந்த எண்ணை எட்ட வேண்டும் என்பது தெளிவாகும். சங்கராபரணிக் கரையில் திருக்காஞ்சியில் 2023இல் புஷ்கரணி விழாவுக்காகப் பெருங்கூட்டம் நீராடியது. நீராடும் ஆற்றில் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது கரைந்த உயிர்வளியும், 3 மில்லிகிராமுக்கு மேற்படாத உயிர்வேதி உயிர்வளித் தேவையும் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடு. அதே ஆறு கீழே சுண்ணாம்பாறாகிக் கடலைச் சேருமிடம், 2018இல் அந்த வாரியம் வெளியிட்ட 351 மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில் ஏறியது.

இத்தனை கிணறுகளையும் வாய்க்கால்களையும் எந்த அலுவலகமும் தனியாகக் கண்காணித்துவிட முடியாது. கூட்டுப் பொறுப்பு இல்லாமல் இந்தத் திட்டம் நடக்காது. அதற்கு இந்த மண்ணில் மரபும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் சிண்டிகா அக்ரிகோல் என்ற விவசாயிகள் சங்கங்கள் ஏரியையும் வாய்க்காலையும் பராமரித்தன. 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு தொடங்கிய ஏரிகள் மறுசீரமைப்புத் திட்டம், 84 ஏரிகளுக்கும் பயனாளர் சங்கங்களை உருவாக்க முனைந்தது. கரை உயர்த்துவதிலும் தூர்வாருவதிலும் சங்கங்களுக்குப் பங்கு கிடைத்தது. நீரின் தரத்தை அளப்பதில் கிடைக்கவில்லை. பணி முடிந்ததும் கூடிப் பேசக் காரணமும் குறைந்தது. ஆந்திரத்தில் 2000களில் ஏழு வறட்சி மாவட்டங்களில் உணவு வேளாண் அமைப்பின் துணையோடு நடந்த விவசாயிகள் நிலத்தடி நீர்த் திட்டம் இதற்கு எதிர்த்திசையில் தொடங்கியது. முதலில் அளவீடு. ஊர் ஆண்களும் பெண்களும் கிணற்று மட்டத்தையும் மழையையும் தாங்களே அளந்து, பருவத் தொடக்கத்தில் இருப்பைக் கணக்கிட்டு, அதற்கேற்பப் பயிரைத் தேர்ந்தார்கள். யாரும் மோட்டாரைப் பிடுங்கவில்லை. கலிபோர்னியாவின் வெஸ்ட் பேசின் என்ற நிலத்தடிப் படுகையில் 1940களில் கடல் உள்ளேறியபோது இறைப்போரே சங்கம் கூடி, பொதுவான ஆய்வுக் கணக்கை முன்வைத்து, இறைப்பைக் குறைக்க உடன்பட்டார்கள். அதை ஆராய்ந்து 1965இல் முனைவர் பட்டம் பெற்ற எலினார் ஆஸ்ட்ராம் 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். எல்லோரும் ஒரே எண்ணை நம்பினால் ஒப்பந்தத்துக்கு வழி பிறக்கும் என்பதையே இவ்விரண்டு இடங்களும் காட்டுகின்றன.

சாதாரண மக்கள் அளந்த எண்ணை எப்படி நம்புவது என்ற ஐயத்தை ஆய்வகத்தார் எழுப்புவார்கள். அந்த ஐயம் ஓரளவு சரியானது. பூச்சிமருந்தையும் கன உலோகத்தையும் கையடக்கப் பெட்டியால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் உப்பை முடியும். மின்கடத்துத்திறன் காட்டும் சிறு கருவி போதும். ஊரக வீடுகளுக்குக் குழாய்நீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் இயக்கம் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியில் பயிற்சி தரும்படி விதித்திருக்கிறது. அப்பெட்டியிலேயே குளோரைடும் நைட்ரேட்டும் சோதிக்கலாம். 2021லேயே எல்லா ஊரக வீடுகளுக்கும் குழாய் இணைப்பு எட்டிவிட்டதாகப் புதுச்சேரி அறிவிக்கப்பட்டது. குழாயைத் தாண்டிப் பாசனக் கிணற்றுக்கும் அந்தப் பெட்டி போக வேண்டும். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. ஒரே கிணறு, ஒரே நாள், மட்டமும் உப்பும் சேர்த்து. அவர்கள் எண் சந்தேகத்தைக் கிளப்பட்டும், ஆய்வகம் அதை உறுதி செய்யட்டும். ஆய்வகத்தின் குறைந்த மாதிரிகள் எங்கே எடுக்கப்பட வேண்டும் என்பதை இந்த ஏற்பாடு காட்டிக்கொடுக்கும். நடவடிக்கைக்கு வேண்டிய சான்று ஆய்வகத்திடமிருந்தே வரும்.

விவசாயியின் அச்சம் இதைவிட ஆழமானது. அளக்கத் தொடங்கினால் நாளைக்கு மீட்டர், மறுநாள் கட்டணம் என்று அவர் நினைப்பதில் தவறில்லை. கடற்கரைக்கு அருகில் உப்பேறிய வயலை இழப்பவரும் அவரே என்பதால், கட்டுப்பாட்டின் முதல் பலனும் அவருக்கே போக வேண்டும். கரையோரப் பட்டியில் இறைப்பைக் குறைக்கும் விவசாயிக்கு ஏரி நீரில் முன்னுரிமை, குறைந்த நீர்ப் பயிருக்கு உறுதியான கொள்முதல், சொட்டுநீர்க் கருவிக்கு முழு மானியம் என்று முதலில் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகே வரம்பு பேசலாம். நகரத்தின் தாகத்தைத் தீர்க்க ஊரகக் கிணறுகளை நோக்கித் திட்டமிடும்போதும் இதே நெறி பொருந்தும். விவசாயியிடம் மட்டும் சிக்கனம் கேட்டுவிட்டு அவர் பக்கத்து நிலத்தில் அரசே ஆழத் துளையிட்டால், அந்தத் திட்டத்தை ஊர் ஏற்காது; ஏற்கவும் கூடாது.

எல்லைக்கு அப்பாலிருந்து வரும் நீரை என்ன செய்வது என்பது கடைசி மறுப்பு. ஊசுட்டேரியின் ஏறக்குறைய பாதி விழுப்புரம் மாவட்டத்துக்குள் இருக்கிறது. சங்கராபரணிக்கு வீடூர் அணையும், தென்பெண்ணைக்குச் சாத்தனூர் அணையும் திறவுகோல். 2024 நவம்பர் 30 தொடங்கி ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் புதுச்சேரியில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியதையும், பின்னர் சாத்தனூர் நீர் பாகூர் ஊர்களைச் சூழ்ந்ததையும் மறந்திருக்க மாட்டோம். சில மாதங்களில் உப்பை எதிர்க்கத் தேவைப்படும் நன்னீர்தான் அன்று வீடுகளுக்குள் புகுந்து கடலுக்குப் போனது. வரத்து வாய்க்கால்கள் கொள்ளளவோடு இருந்திருந்தால் அதில் ஒரு பங்காவது ஏரிகளில் தங்கியிருக்கும். இதற்கெல்லாம் பெரிய நடுவர் மன்றம் வேண்டியதில்லை. ஊசுடு, சொர்ணாவூர் ஆகிய இரண்டு இடங்களுக்கு மட்டுமான, இரு அரசுகளின் பொறியாளர்களும் இருபக்க விவசாயிகளும் உட்கார்ந்து ஒரே அளவீட்டைப் படிக்கும் குழு போதும்.

அந்த மேசையில் புதுச்சேரி ஊர்களின் சார்பில் யார் உட்காருவது? 1968க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் வில்லியனூர், பாகூர் உள்ளிட்ட கொம்யூன் பஞ்சாயத்துகளை அதிகாரிகளே நடத்துகிறார்கள். நல்ல அதிகாரிகளும் இடமாற்றத்தில் போய்விடுவார்கள். கிணற்றின் பத்தாண்டுக் கணக்கை ஊர்க்காரர்தான் நினைவில் வைத்திருப்பார். அரசு உள்ளாட்சித் தேர்தலை இனியும் தள்ளிப்போடாமல் நடத்த வேண்டும். அதுவரை காத்திராமல், வருகிற வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒவ்வோர் ஏரிச் சங்கமும் தன் ஊரில் ஐந்து கிணறுகளைத் தேர்ந்து, நீர்மட்டத்தையும் உப்பையும் அளந்து, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் தேதியோடு எழுதி வைக்க வேண்டும்.